ஃப்ரிட்ஜை நகர்த்தியது என் யோசனைதான்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் பெற்ற வாலு எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போது சுகமாக இருந்தது, அதனால் அதைச் சேர்க்கவில்லை. உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று வழக்கமாகக் கேட்கிற இடத்தில் இந்தத் தடவை கேட்கவில்லை, நீ சுகமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துபோயிற்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். எதற்கு அத்தை கடிதம், போன்லயே சொல்லிடலாமே என்று உன் அண்ணி கேட்டாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், நடுவில் உன் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு சமாதானம் பேசுவான், கடைசியில் சார்ஜ் தீர்ந்துபோகும். கடிதத்தில் யாரும் என்னைக் குறுக்கே மறிக்க முடியாது பார். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான், எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துக்கொள், விஷயத்தில் பிழை இருக்காது.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் உள்நாக்கு வரைக்கும் தெரிகிறது, ஆனாலும் வாய் மூடுவதாக இல்லை. உன் கட்டிலை அவள் பிடித்துக்கொண்டாள், அத்தை வந்தா நான் தரையில படுத்துக்கறேன் என்று பெரிய மனசு பண்ணிச் சொல்கிறாள். உன் அண்ணனுக்கு பஸ் டெப்போவில் ரூட்டை மாற்றிவிட்டார்கள், இப்போது விடியற்காலை வண்டி இல்லை, அதனால் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. உன் அண்ணி மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்து அவளுக்கும் கால்வலி, சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறோம், மாமியார் மருமகள் சண்டை போடவே நேரமில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. எதிர்வீட்டுக்காரி புதிதாகக் கதவுக்கு வண்ணம் அடித்திருக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை.

இனி உன் விஷயம். அழுகைக்கு நடுவில் நீ சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் திருப்பிச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஹோட்டல் துண்டும் துவைக்கிற பெரிய லாண்டரி ஒன்று. துணி காயவைக்கிற மெஷின்கள் முன்னைப் போலக் காயவைக்கவில்லை, புதிதாக எந்த மெஷின் வாங்கலாம் என்று அந்த முதலாளி, கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற உங்கள் ஆபீசைக் கேட்டார். உங்கள் பெரிய மேடம் முதன்முதலாக உன்னைத் தனியாக அனுப்பினார்கள். நீயும் போய், சோறு தண்ணி மறந்து அங்கேயே கிடந்து பார்த்துவிட்டு, கோளாறு மெஷினில் இல்லை, சூடான காற்று வெளியே போகிற தகரக் குழாயில்தான், அது சுவரைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது, உள்ளே துணியின் பஞ்சுத்தூசி அடைத்துக் கிடக்கிறது, காற்று வெளியே போக வழியில்லாமல் துணி எப்படிக் காயும், குழாயைச் சுத்தம் செய்து நேராகப் போடுங்கள், புது மெஷின் வேண்டாம், இப்படியே விட்டால் அந்தத் தூசி ஒருநாள் தீப்பிடிக்கும் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாய். அவர் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவிட்டு, பிறகு போய்ப் புது மெஷினையே வாங்கி மாட்டிவிட்டார். குழாயைத் தொடவில்லை. இது உன் காதுக்கு எட்டியதும் நீ, ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லாமல், யாரும் கூப்பிடாமல், லீவு நாளில் பஸ் ஏறிப் போய், வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பார்க்க மெஷின்களுக்கு நடுவில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல சார், கேட்டீங்களா? இங்க நெருப்புப் பிடிச்சா யார் பொறுப்பு?" என்று அந்த முதலாளியைக் கேட்டிருக்கிறாய்.

பொய் சொல்ல மாட்டேன், இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். என் வயிற்றில் பிறந்தவள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். உன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அச்சு அசல் அம்மாதான், ஆளை மட்டும் அங்க அனுப்பி வெச்சிருக்கோம்" என்றான். அவன் எப்போதும் இப்படித்தான். உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கும், "அம்மா வருஷக்கணக்கா சும்மா பண்றதை இவ சம்பளத்துக்குப் பண்ணப்போறா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தானே, நான் மறக்கவில்லை. ஆனால் கண்ணு, பெருமைப்பட்டு முடித்ததும் யோசித்துப் பார்த்தேன். நீ செய்தது தப்பு. அந்த முதலாளி மேல் நீ மனசில் கறுவிக்கொண்டு போயிருக்கிறாய். கறுவுவதற்கு ஒரு உரிமை வேண்டும். உன் அத்தை மேல் நான் கறுவிக்கொண்டிருக்கிறேன் என்றால் அவள் என் புருஷனுடைய தங்கை, என் சோற்றைத் தின்றவள், எனக்கு உரிமை இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி மேல் கறுவுகிறேன் என்றால் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறோம், நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம் என்றால் அவள்தான் வந்து நிற்க வேண்டும், அங்கேயும் உரிமை இருக்கிறது. லாண்டரிக்காரர் உனக்கு யார்? யோசனை கேட்டார், நீ சொன்னாய், ஆபீசுக்குப் பணத்தைக் கொடுத்தார், முடிந்தது. கேட்காமல் போனாரே என்று அவர் மேல் உனக்கு வருத்தம் வரலாம், வன்மம் வரக்கூடாது. வன்மம் வைப்பது சொந்தபந்தத்துக்கு மட்டும் செய்கிற மரியாதை, அதைக் கண்டவர்களுக்கும் அள்ளி விடாதே.

அந்த முதலாளி உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார், இந்தப் பொண்ணை இனிமே என் வாசல்ல பாக்கக்கூடாது என்று. உங்கள் பெரிய மேடம் எல்லோர் முன்னாலும் போனில் அவருக்குச் சொன்ன பதிலை நீயே எனக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாய். "எங்க பொண்ணு வந்து நின்ன விதம் தப்புதான் சார், அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா எங்க பொண்ணு சொன்ன விஷயத்துல தப்பு இல்ல. மெஷின் வாங்கினது உங்க இஷ்டம், குழாயை மட்டும் இந்த வாரமே சுத்தம் பண்ணிடுங்க, அது உங்க ஆளுங்க உயிர் சமாச்சாரம்." இதைச் சொல்லிவிட்டு நீ என்ன சொன்னாய் தெரியுமா, "எல்லார் முன்னாடியும் என்னைத் தப்புன்னுட்டாங்கம்மா" என்று ஓவென்று அழுதாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டாய். லைன் போகவில்லையடி. உனக்குத் தப்பு என்கிற ஒரு வார்த்தை மட்டும் கேட்டிருக்கிறது. எனக்கு எங்க பொண்ணு என்று அந்த அம்மாள் சொன்னது மட்டும்தான் கேட்டது, அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை நீ பாதி கேட்டிருப்பாய், உன் அப்பா இருந்தவரை முழுதாகச் சொல்ல விட்டதில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கீழ்வீட்டு அம்மாளிடம் தையல் மெஷின் இரவல் வாங்கியிருந்தோம். உன் அத்தை அதை அவசர அவசரமாக மிதித்துச் சக்கரத்தை உடைத்துவிட்டாள். மறுநாள் கீழ்வீட்டு அம்மாள் ஏறி வந்து கூடத்தில் நின்று, "புதுசா வந்தவ கை பட்டுத்தான் போச்சு, மிதிக்கத் தெரியாதவளை யார் உக்கார வெச்சது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். என் கையில் அப்போதுதான் கழுவிய அலுமினியப் பாத்திரம், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் உடைந்தது உன் பாட்டியின் கண்ணெதிரில். எங்க பொண்ணு அப்படிப் பண்ற ஆள் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். உன் பாட்டி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடிகாரம் ஓடவே ஓடாது. உன் அத்தை உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தாள், பச்சை ரிப்பன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எத்தனை பேருக்கு வடித்துக் கொட்டினேன், உன் பாட்டி படுக்கையில் கிடந்தபோது அள்ளிப் போட்டேன், கடைசிவரை அந்த ஒரு வார்த்தை வருமா வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அந்த வார்த்தையை, உன்னைப் பெறாத ஒரு அம்மாள், உனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு அம்மாள், பணம் கொடுக்கிற முதலாளி கத்திக்கொண்டிருக்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உனக்குச் சொல்லியிருக்கிறாள். உனக்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறாள், உன்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. எனக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் போனை வைத்த பிறகு அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். உன் அண்ணி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரை அத்தை கும்பிடறீங்க, அங்க தண்ணி லாரிதான் நிக்குது" என்றாள். நிற்கட்டும். நன்றி எனக்கு அவ்வளவு சீக்கிரம் வருகிற சாமான் இல்லை என்பது உனக்கே தெரியும். வந்துவிட்டால் அதையும் நான் மறக்கிற ஜாதி இல்லை.

நன்றி என்றதும் இன்னொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் போனுக்குப் பிறகு மனசு தாங்காமல் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள், பார்த்தாள், உள்ளே போனாள், ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, அதுதான் பெரிய விஷயம், அவள் கேட்காத ஆள் இல்லை. வாங்கிக் குடித்தேன். ரொம்ப நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் நீ வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு அவள் பேசின பேச்சு இருக்கிறதே, "கம்பெனிகளுக்கு யோசனை சொல்ற வேலையா? அதுக்கா இன்ஜினியருக்குப் படிச்சா? அதை நான் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் சும்மாவே சொல்லிட்டிருக்கேனே", அது அப்படியே இருக்கிறது. தண்ணீருக்கு நன்றி தனி, பேச்சுக்குக் கோபம் தனி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு நீ ஒன்று சொன்னாய், போகிற போக்கில், நீயே கவனிக்காமல். புது மெஷின் எங்கே வாங்கினாராம் என்று உன் அண்ணன் கேட்டதற்கு, "அவரு மாப்பிள்ளையே அந்த மெஷின் விக்கிற கடைதான் வெச்சிருக்காரு அண்ணா" என்றாய். அடி அசடே! மாப்பிள்ளை கடை வைத்திருக்கும்போது அந்த மனுஷன் எப்படி மெஷின் வேண்டாம் என்று சொல்வார்? பெண்ணைக் கொடுத்த இடம். நீ பக்கம் பக்கமாக எழுதின ரிப்போர்ட்டை மாப்பிள்ளை முகத்துக்கு நேராக நீட்டவா முடியும்? உன்னிடம் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பத்தான் முடியும். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உன்னை அவமானப்படுத்த அதைச் செய்யவில்லை என்று சொல்கிறேன். கடைசியில் குழாயைச் சுத்தம் செய்துவிட்டாரா இல்லையா? செய்துவிட்டார். "ரொம்ப நாளா நானே நினைச்சிட்டிருந்தேன்னு சொல்றாராம்மா, என் பேரைக்கூட எடுக்கலையாம்" என்று அதற்கும் ஒரு அழுகை. தீப்பிடிக்க இருந்தது பிடிக்காது, அங்கே துணி மடிக்கிற பெண்கள் பத்திரமாக வீட்டுக்குப் போவார்கள். உன் பேர் எதற்கு அதில்? ஆனால் ஒன்று, உயிர் சமாச்சாரம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதே. மறுபடி சொல், எழுதிச் சொல், உன் மேடத்தைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல். தனியாக லீவு நாளில் போய் நிற்காதே, அவ்வளவுதான்.

வா என்று ஒரு வார்த்தை சொல்லும்மா, நாளைக்கே கிளம்பி வந்துடறேன் என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. சொல்ல ஆசை இல்லை என்று நினைக்காதே, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் அண்ணனும் பாவம், இங்கே டிப்ளமா காலேஜில் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், அவளை மனு போடச் சொல்லலாம் என்று அன்றைக்கே விசாரிக்கக் கிளம்பிவிட்டான். டீச்சர் வேலை ஒன்றும் குறைச்சலானது இல்லை, ஆசைப்பட்டு வந்தால் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன். ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வரக்கூடாது. இப்போது நான் வா என்று சொல்லி நீ வந்துவிட்டால், பத்து வருஷம் கழித்து, அன்னைக்கு நீதானே வரச் சொன்னே என்று அந்த வன்மம் என் தலையில் விழும். என் மகளுக்கு எப்படிப்பட்ட ஞாபகசக்தி என்று எனக்குத் தெரியாதா, யார் கொடுத்தது அது?

உங்கள் மேடம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "பாக்கறது, புரிஞ்சுக்கறது, சொல்றது, இவ்வளவுதான் நம்ம வேலை. செய்யறதும் செய்யாததும் அவங்க. செஞ்சாலும் தன் யோசனைன்னுதான் சொல்லுவாங்க. அது உனக்கு ஒத்துவருமான்னு யோசிச்சு, புரொபேஷன் முடியறதுக்குள்ள சொல்லு" என்று கேட்டார்களே, அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல உனக்கு ஒரு வழி சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதை உன் அண்ணியிடம் மூச்சு விடாதே.

போன தடவை லீவில் வந்தபோது, வந்த வேகத்தில் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாயே, நினைவிருக்கிறதா? ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள், பின்பக்கத்துச் சூடு வெளியே போக இடமில்லை, அதனால்தான் இந்தச் சத்தம் போடுகிறது, ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள் என்றாய். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாய். உன் அப்பா வைத்த இடம், அது அங்கேயேதான் இருக்கும் என்றேன். நீ என் தோளைக் கட்டிக்கொண்டு பேசாமல் விட்டுவிட்டாய். அப்பா வைத்த இடமும் இல்லை ஒன்றும் இல்லை. சமையலறை வாசலில் என் நாற்காலியில் உட்கார்ந்தால் ஃப்ரிட்ஜுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு இடுக்கு, அதன் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கதவு தெரியும், யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் எல்லாம் தெரியும். ஃப்ரிட்ஜை ஒரு சாண் இழுத்தால் இடுக்கு அடைபட்டுப் போகும். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? படித்த பெண், சிரிப்பாய். அந்த லாண்டரிக்காரரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று எனக்கு உறைத்தது, நானும் அவர் செய்த மாதிரித்தானே உன்னை அனுப்பி வைத்தேன். நீ என் மேல் கறுவவில்லையே, கட்டிக்கொண்டுதானே போனாய்? அப்படியென்றால் உன்னால் முடியும்.

நேற்று உன் அண்ணி மருந்துக்கடைக்குப் போனதும் வாலுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை இழுத்துவிட்டேன். முழங்கால் ஒரு பாட்டுப் பாடியது. சத்தம் பாதியாகக் குறைந்துபோயிற்று, நீ சொன்னது அப்படியே சரி. இடுக்கு அடைபட்டுத்தான் போயிற்று. நாற்காலியைத் தூக்கித் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் போட்டேன். இப்போது எதிர்வீட்டுக் கதவு முழுசாகத் தெரிகிறது, புது வண்ணம் உட்பட. உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, "அட, சத்தமே இல்லையே, யார் யோசனை அத்தை இது?" என்றாள். என் யோசனைதான், ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. ரிப்போர்ட் எழுதுகிறேன் என்று குனிந்தே உட்கார்ந்திருக்காதே, நம் குடும்பத்துக் கழுத்துக்கு அது ஆகாது. பெரிய மேடத்திடம் அம்மா கும்பிட்டதாகச் சொல், லாரி விஷயத்தைச் சொல்ல வேண்டாம். நீ எங்கே போய் நின்றாலும் உன் சொல்லைக் கேட்க ஆள் இருக்கட்டும், கேட்காத இடத்தில் உனக்குப் பொறுமை இருக்கட்டும், உன்னை எங்க பொண்ணு என்று சொல்ல எப்போதும் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும். நூறு வயசு நன்றாக இரு.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன் அண்ணி ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொல்வாள், அத்தைக்கு என்ன மூளை பாத்தியா என்று கேட்பாள். ஆமா அண்ணி, அம்மா யோசனைன்னா யோசனைதான் என்று நீ சொல்ல வேண்டும். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பேன். குரல் மாறாமல் அதைச் சொல்ல முடிந்ததென்றால், மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பெரிய மேடத்தின் அறைக்குப் போய், எனக்கு ஒத்துவரும் மேடம், நான் இருக்கேன் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா